ஐயத்தின் பலன் யாருக்கு?

ஒரு கிணற்று நீரைக் குடிக்கலாமா, கூடாதா என்பது அறிவியல் விடைகூற வேண்டிய கேள்வி என்றே நாம் பொதுவாக எண்ணுகிறோம். நீரில் என்ன கலந்திருக்கிறது, எவ்வளவு கலந்திருக்கிறது, அது உடலுக்கு என்ன செய்யும் என்று ஆய்வுகூடம் சொல்லிவிட்டால் கேள்வி தீர்ந்தது என்பது நமது நம்பிக்கை. ஆனால் ஆய்வுகூடம் விடை சொல்லுமுன் ஒரு காலம் கழிகிறது. சில வேளைகளில் அது சில நாட்கள். சில வேளைகளில் சில ஆண்டுகள். அந்தக் காலத்திலும் மக்களுக்குத் தாகம் எடுக்கிறது. உலை வைக்க வேண்டியிருக்கிறது. குழந்தைக்குப் பால்மா கரைக்க வேண்டியிருக்கிறது. முழு உண்மை தெரியாத அந்த இடைக்காலத்தில், தெரிந்த அளவு அறிவை வைத்துக்கொண்டு எப்படி நடப்பது முறை என்ற கேள்விக்கு எந்தச் சோதனைக் குழாயும் விடை தராது. அது அறத்தின் கேள்வி.

இதனை வெறும் ஏட்டுக் கேள்வியாக எழுப்பவில்லை. நமது நாட்டிலே, நமது காலத்திலே, ஆயிரக்கணக்கான குடும்பங்களின் முற்றத்தில் வந்து நின்ற கேள்வி இது. அந்த இடம் சுன்னாகம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வானம் தரும் மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளினூடே கீழிறங்கித் தேங்கி நிற்கிறது; அதையே தோட்டக்காரனும் குடியிருப்பாளனும் கிணறு வெட்டி மொள்ளுகிறார்கள். மழைநீருக்கு வழிவிடும் அந்த வெடிப்புகள் வேறெதற்கும் வழிமறிப்பதில்லை. நிலத்தின்மேல் ஊற்றப்படுவது எதுவோ அது நாளடைவில் நீரையும் சென்றடைகிறது. சுன்னாகம் அனல் மின்னிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் மிதப்பதாகவும், நீர் நாறுவதாகவும் மக்கள் முறையிட்டனர். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013, 2014ஆம் ஆண்டுகளில் அப்பகுதியின் 150 கிணறுகளை ஆராய்ந்தது. அவற்றுள் 109 கிணறுகளில் ‘எண்ணெயும் கிரீசும்’ லீற்றருக்கு 1 மில்லிகிராம் என்னும் எல்லையைத் தாண்டியிருந்தன. 2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மல்லாகம் நீதவான் நீதிமன்றம் அங்கு மின் உற்பத்தியை இடைநிறுத்தக் கட்டளையிட்டது. வட மாகாண சபை அமைத்த நிபுணர் குழுவோ வேறு தொனியில் பேசிற்று. நச்சுத்தன்மை வாய்ந்த பெற்றோலியப் பொருள்கள் அபாயமான அளவில் இல்லை என்பதே அதன் முடிவாக மக்களுக்குச் சொல்லப்பட்டது. மக்கள் நீதி கேட்டு உயர் நீதிமன்றம்வரை செல்ல நேர்ந்தது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செலுத்த வேண்டும் என்னும் நெறியை நிலைநாட்டி, நொதேர்ன் பவர் நிறுவனம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்றது.

நீதி கிடைத்தது என்று மகிழலாம். ஆனால் ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். 109 கிணறுகளின் கணக்கு வெளிவந்ததற்கும் தீர்ப்பு வந்ததற்கும் இடையே ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள். ஓர் அமைப்பு ‘உண்டு’ என்றது. இன்னோர் அமைப்பு ‘அஞ்சத் தக்கதில்லை’ என்றது. பவுசரில் நீர் வந்த நாளும் உண்டு. வராத நாளும் உண்டு. கற்றவர்களின் கருத்துவேறுபாடு காகிதத்திலே நடந்தது. அதன் பாரம் வாளியைக் கிணற்றில் இறக்கிய பெண்ணின் கையிலே விழுந்தது.

இந்தக் கருத்துவேறுபாட்டுக்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. ‘எண்ணெயும் கிரீசும்’ என்னும் வழக்கமான அளவீடு, நீரிலிருந்து ஒரு கரைப்பானில் இறங்கிவரும் அனைத்தையும் ஒன்றாகக் கூட்டிச் சொல்வது. அதில் பெற்றோலியமும் சேரும். தாவர எண்ணெயும் சேரும். விலங்குக் கொழுப்பும் சேரும். ஆகவே அளவு கூடியிருக்கிறது என்றவர்களும் பொய் சொல்லவில்லை. அது பெற்றோலியம்தானா என்று கேட்டவர்களும் பொருளற்ற கேள்வியைக் கேட்டுவிடவில்லை. இன்னும் நுட்பமான சோதனைகள் வேண்டும். அவற்றுக்குப் போத்தலில் நீர் எடுத்து, குளிரிலே வைத்துத் தொலைதூர ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். ஒவ்வொரு போத்தலுக்கும் பணம் வேண்டும். 150 கிணறுகளை ஒருமுறை பார்ப்பதே பெருஞ்செயல். மழைக்கு முன்னும் மழைக்குப் பின்னும், மாதந்தோறும், ஒவ்வொரு கிணற்றையும் பார்ப்பது யாரால் இயலும்?

இவ்விடத்திலேதான் ஒளி வந்து ஒரு கைகொடுக்கிறது. பெற்றோலியத்தில் அணுக்கள் வளையங்களாகக் கோத்த மூலக்கூறுகள் உண்டு. இரண்டு மூன்று வளையங்கள் ஒட்டிய மூலக்கூறின்மேல் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினால், அது அக்கதிரை உண்டு, ஒரு நொடியின் கோடிக்கூறு கழியுமுன்னே நீலமோ பச்சையோ ஆன ஒளியை உமிழும். 1852ஆம் ஆண்டு ஸ்டோக்ஸ் என்னும் அறிஞர் இதனை ஆராய்ந்து பெயரிட்டார். நாம் ஒளிர்வு என்கிறோம். எண்ணெய் கனக்கக் கனக்க அது உமிழும் ஒளி சிவப்புப் பக்கமாக நகரும். கொழுப்பு அமிலங்களுக்கு இந்த வளையங்கள் இல்லையாதலால் சமையலறைக் கொழுப்பு இவ்வாறு ஒளிர்வதில்லை. இத்தகைய ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்க்கும் நிறமாலைக் கலை, ஒரு காலத்தில் ஆய்வுகூடத்தின் இருட்டறைக்குள் அடைபட்டுக் கிடந்தது. இன்று அது வெளியே நடந்து வந்திருக்கிறது.

அமெரிக்காவில் படைத்தளங்களின் நிலம் பல பத்தாண்டுகளாகச் சிந்திய எரிபொருளால் ஊறிக்கிடந்தது. எங்கே ஊறியிருக்கிறது, எவ்வளவு ஆழத்தில் என்று அறிய, 1990களில் ஒரு முறையைக் கையாண்டனர். கூர்முனையுள்ள உருக்குத் தண்டை நிலத்தில் அழுத்தி இறக்குவார்கள். தண்டின் பக்கத்தில் நீலக்கல்லால் ஆன ஒரு சிறு பலகணி. மேலே வண்டியிலுள்ள நைதரசன் லேசரிலிருந்து 337 நானோமீற்றர் அலைநீளமுள்ள கதிர், கண்ணாடி இழை வழியே இறங்கி, அப்பலகணியூடாக மண்ணைத் தொடும். மண்ணில் எண்ணெய் இருந்தால் அது ஒளிரும். அவ்வொளி இன்னோர் இழை வழியே மேலேறி வந்து செய்தி சொல்லும். தண்டு இறங்க இறங்க ஆழத்துக்கு ஆழம் விடை கிடைக்கும். 2010இல் மெக்சிக்கோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்தபோதும், கடலின் ஆழத்தில் பரவிய எண்ணெயைப் பின்தொடர ஒளிர்வுமானிகளையே நீரில் இறக்கினார்கள். சுண்ணப்பாறையில் உருக்குத் தண்டு இறங்காது. ஆனால் கிணற்றுக்குள் ஓர் ஒளிர்வுமானியை இறக்குவதற்குப் பாறை தடையில்லை.

இது கேட்க இனிமையாக இருக்கிறது. அதனாலேயே இக்கருவியின் குறைகளையும் அறிந்துகொள்ள வேண்டும். அறக்கேள்வி அங்கேதான் கூர்மை அடைகிறது.

முதற்குறை, ஒளிராத நஞ்சு. பெற்றோலிலுள்ள பென்சீன் ஒற்றை வளையம் உடையது. அது புற்றுநோய் தரும் என்பது ஐயமற நிறுவப்பட்ட உண்மை. குடிநீரில் லீற்றருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் 337 நானோமீற்றர் கதிரை பென்சீன் உண்பதில்லை. எனவே அக்கதிரின்முன் அது ஒளிர்வதுமில்லை. கூட இருக்கும் பாரமான சேர்மங்கள் ஒளிர்ந்து அதைக் காட்டிக்கொடுத்தால் உண்டு. இல்லையேல் கருவி வாய் திறவாது. இரண்டாவது குறை, நஞ்சல்லாத ஒளி. சில கல்சைற்றுப் பளிங்குகள் ஒளிரும். சிப்பி ஓடு ஒளிரும். உக்கிய இலைதழை ஒளிரும். சலவைத்தூளில் சேர்க்கும் வெண்மையூட்டியும் ஒளிரும். கல்சைற்று என்பது சுண்ணக்கல்லின் உயிர்ப்பொருள். அத்தகைய நிலத்திலே வரும் ஒவ்வோர் ஒளியையும் எண்ணெய் என்று துணிந்துவிட முடியாது.

நம் முன்னோர் இந்த இரண்டு வகைப் பிழையையும் பெயரிட்டே வைத்திருக்கிறார்கள். சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியைக் கற்றவர்கள் ஐயக்காட்சி, திரிவுக்காட்சி என்ற பாகுபாட்டை அறிவார்கள். அந்திவேளையில் தூரத்தே நிற்பது மரக்குற்றியோ மனிதனோ என்று தெளியாமல் நிற்பது ஐயம். இப்பியை வெள்ளி என்று துணிந்துவிடுவது திரிவு. இப்பியின் ஒளியைக் கண்டு ஏமாறலாம் என்பதை உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டாகச் சொன்னார்கள். லேசர் பிடித்த பொறியியலாளனுக்கு அது அன்றாட அனுபவமாகிவிட்டது. ஐயத்தையும் திரிவையும் ஒன்றென மயங்கக் கூடாது என்பது அப்பாகுபாட்டின் பயன். ஐயம் தன் நிலையை அறிந்த அறிவு. திரிவோ தன்னைத் தெளிவென்று நம்பிக்கொண்ட மயக்கம். களத்துக் கருவி நமக்கு ஐயத்தைத் தருகிறது. நாம் அவசரப்பட்டு அதைத் திரிவாக மாற்றிக்கொள்ளாமலிருந்தால் அதுவே மதிப்புமிக்க அறிவு.

இராமனின் கண்டுபிடிப்பே இதற்கு நல்ல சான்று. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. இராமனின் கல்கத்தா ஆய்வுகூடத்தில், 1923இல் கே. ஆர். இராமநாதன் திரவங்களில் ஒளி சிதறுவதை ஆராய்ந்தபோது மங்கலான ஓர் ஒளிர்வு தென்பட்டது. திரவத்தில் ஏதோ மாசு கலந்திருக்கிறது என்றே முதலில் கருதினார்கள். மீண்டும் மீண்டும் தூய்மை செய்து பார்த்தார்கள். ஒளி போகவில்லை. மாசென்று எண்ணியது திரவத்தின் சொந்த இயல்பே என்று தெளிந்தபோது, 1928 பெப்ரவரி 28இல், இராமன் விளைவு பிறந்தது. அன்று அவர்கள் ‘மாசுதான்’ என்று முடிவு கட்டிவிட்டிருந்தால் உண்மை தப்பியிருக்கும். ‘ஒன்றுமில்லை’ என்று கண்ணை மூடியிருந்தாலும் தப்பியிருக்கும். ஆனால் ஆய்வுகூடத்துத் திரவத்தை ஐந்தாண்டுகள் ஐயத்தில் வைத்திருக்கலாம். அதை எவரும் குடிப்பதில்லை. கிணற்றை அப்படி வைத்திருக்க முடியுமா?

எனவே முழுத்தெளிவு பிறக்கும்வரை செயலற்று இருப்பது நடுநிலை ஆகாது. காத்திருப்பதும் ஒரு செயல். அதன் விளைவை யார் ஏற்கிறார் என்று பார்த்தால், அது எவர் பக்கம் சாய்ந்த செயல் என்பது விளங்கிவிடும். வசதியுள்ளவன் போத்தல் நீர் வாங்குகிறான். வசதியற்றவன் கிணற்றையே நம்பியிருக்கிறான். ‘ஆதாரம் போதாது’ என்னும் சொல் முன்னவனை வருத்துவதில்லை. மின்னிலையத்தை இலாபத்துக்கு நடத்துபவனுக்கோ அது நாள்தோறும் வருவாய்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அது எளிதில் தள்ளத்தக்க மறுப்பன்று. ஐயத்தின்மேல் செயற்படப் புகுந்தால் அச்செயலாலும் ஏழையே வதைபடுவான் என்பார்கள். இதை நிறுவ அவர்கள் யாழ்ப்பாணம்வரை போக வேண்டியதில்லை. எங்கள் மாத்தளை மாவட்டத்திலேயே சான்று இருக்கிறது. மாவட்டத்தின் கிழக்கே வில்கமுவவில், வட மத்திய மாகாணத்தைப் போலவே, காரணம் தெளியாத நீண்டகாலச் சிறுநீரக நோய் உழவர்களைத் தின்கிறது. நிலத்தடி நீரின் புளோரைட்டும் கடினத்தன்மையும், பார உலோகங்கள், விவசாய இரசாயனங்கள், வெயிலில் நீரின்றி உழைக்கும் உடலின் வறட்சி எனப் பலவற்றின்மேலும் ஐயம் படிந்திருக்கிறது. அறிஞரிடையே ஒருமித்த முடிவு இல்லை. 2015இல் அரசு கிளைபோசேட்டு என்னும் களைகொல்லியை நாடு முழுவதும் தடைசெய்தது. அந்நோய்க்கு அது காரணமாகலாம் என்ற ஐயமே அத்தடைக்கு அடிப்படை. தேயிலைத் தோட்டங்களில் களை மண்டிற்று. மண்வெட்டியும் கையும் கொண்டு களை அகற்றும் வேலை கூடிற்று. மலைகளில் இடுப்பளவு புல்லுக்குள் நின்று கொழுந்து கிள்ளியவர்கள் யார் என்பது நமக்குத் தெரியும். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்த்தப்பட்டது; பின்னர் தடையே நீக்கப்பட்டது. நோயின் காரணம் இன்னும் வழக்கிலேயே இருக்கிறது.

ஆகவே ‘ஐயம் வந்தால் தடைசெய்’ என்பது அறநெறி ஆகிவிடாது. ஆனால் அதே வில்கமுவவிலும் அதையொத்த ஊர்களிலும் இன்னொன்றும் நடந்தது. நோயின் காரணம் தெரியாத நிலையிலேயே, நீரை நுண்சவ்வினூடே செலுத்தித் தூய்மையாக்கும் நிலையங்களை அமைத்து மக்களுக்குக் குடிநீர் வழங்கத் தொடங்கினார்கள். இதுவும் ஐயத்தின்மேல் எழுந்த செயல்தான். நாளை காரணம் நீரல்ல என்று தெளிந்தாலும் நல்ல நீரைக் குடித்ததால் எவருக்கும் கேடில்லை. செலவான பணத்தைத் தவிர இழந்தது எதுவுமில்லை. அந்தப் பணமும் மக்கள் நலத்துக்கே போயிற்று.

இவ்விரு செயல்களையும் அருகருகே வைத்து நோக்கினால் ஒரு தெளிவு கிடைக்கிறது. ‘எவ்வளவு ஆதாரம் வேண்டும்?’ என்று வெறுமனே கேட்பது பிழையான கேள்வி. ‘எந்தச் செயலுக்கு எவ்வளவு ஆதாரம் வேண்டும்?’ என்றே கேட்க வேண்டும். ஒருவனைச் சிறையில் அடைக்க ஐயத்துக்கு இடமில்லாத சான்று வேண்டும். சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளிக்கிறது சட்டம். அது சரியே, தவறுதலாகத் தண்டித்துவிட்டால் அந்த வாழ்வை மீட்டுத்தர முடியாது. ஓர் ஆலையை நிரந்தரமாக மூடுவதற்கும், ஒரு தொழிலையே தடைசெய்வதற்கும் உறுதியான ஆய்வுகூடச் சான்று வேண்டும். ஆனால், ‘இந்தக் கிணற்றில் ஒளி தெரிகிறது; முடிவு வரும்வரை குடிக்க வேண்டாம்; இதோ வேறு நீர்’ என்று சொல்வதற்கு அத்தனை சான்று எதற்கு? அந்த எச்சரிக்கை பொய்த்துப் போனால் சில வாரம் பவுசர் ஓடிய செலவு. அந்த மௌனம் பொய்த்துப் போனால் ஒரு தலைமுறையின் உடல். நீதிமன்றத்தில் ஐயத்தின் பலன் எதிரிக்கு; கிணற்றடியில் அது குடிப்பவனுக்கு.

களத்திலே ஒளியைக் கொண்டு சோதிக்கும் கருவியின் உண்மையான இடம் இதுவே. அது நீதிபதி அன்று, காவற்காரன். காவற்காரன் குரல் கொடுத்த மாத்திரத்தில் எவரையும் தூக்கிலிடுவதில்லை. ஆனால் விளக்கை ஏற்றிக்கொண்டு எழுந்து போய்ப் பார்க்கிறோம். எந்த இருபது கிணறுகளிலிருந்து முதலில் போத்தல் நிரப்ப வேண்டும், எந்தத் திசையில் எண்ணெய் நகர்கிறது, மழைக்குப்பின் எங்கே கூடியது என்று அது சொல்லும். ஆய்வுகூடத்தின் அரிய பணமும் காலமும் அதனால் வீணாகாமல் உரிய இடத்தில் செலவாகும்.

காவற்காரன் வாய் திறக்கவில்லை என்பதற்காகத் திருடன் வரவில்லை என்று சான்றிதழ் எழுதிக் கொடுப்பதுதான் பெருங்குற்றம். இங்கேதான் நமது அலுவலகங்களின் மொழியை உற்றுநோக்க வேண்டும். ‘காணப்படவில்லை’ என்பது ஒன்று; ‘இல்லை’ என்பது வேறொன்று. 337 நானோமீற்றர் கதிருக்கு பென்சீன் காணப்படுவதில்லை. அதனால் பென்சீன் இல்லாமற் போய்விடுவதில்லை. தேடப்பட்ட பொருள் எது, எந்த அளவுக்குக் கீழே கருவிக்குக் கண் தெரியாது, எந்த நாளில் எந்த ஆழத்தில் நீர் எடுக்கப்பட்டது என்ற மூன்றையும் சொல்லாமல் ‘நீர் பாதுகாப்பானது’ என்று அறிவிப்பவர், அறிவியலின் சட்டையைப் போட்டுக்கொண்டு அறிவியலுக்குப் புறம்பானதைப் பேசுகிறார். ‘இருக்கலாம்’ என்று சொல்லச் சிறு சான்று போதும். ‘இல்லை’ என்று சொல்லவே பெருஞ்சான்று வேண்டும். நமது நாட்டிலே வழக்கம் தலைகீழாக இருக்கிறது: மக்கள் ‘இருக்கிறது’ என்றால் ஆயிரம் ஆதாரம் கேட்கிறார்கள், அதிகாரி ‘இல்லை’ என்றால் ஒரு கடிதத் தலைப்பே போதுமானதாகிவிடுகிறது.

அளவீடு சரியாகவே அமைந்தாலும் அதற்குப் பின்னரும் அறம் ஓய்வு கொள்வதில்லை. தமிழ்நாட்டின் கொடைக்கானலில், அமெரிக்காவில் மூடப்பட்டு 1980களில் அங்கே கொண்டுவரப்பட்ட வெப்பமானி ஆலை ஒன்று, பின்னாளில் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வசமாயிற்று. 2001 மார்ச்சில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி பழைய பொருள் கடை ஒன்றில் குவிந்து கிடப்பதை ஊரார் வெளிப்படுத்தினர், ஆலை மூடப்பட்டது. 2016இல்தான் 591 முன்னாள் தொழிலாளரோடு நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. பாதரச ஆவி 253.7 நானோமீற்றர் ஒளியை விழுங்கிவிடும். அதை வைத்து, நின்ற இடத்திலேயே காற்றிலுள்ள பாதரசத்தை அளக்கும் கைக்கருவிகள் இன்று உண்டு. ஆனால் ஆலை நிலத்தைத் துப்புரவாக்கும் வேளையில் எழுந்த பெருவழக்கு அளப்பது பற்றியதன்று. ஒரு கிலோகிராம் மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் எஞ்சியிருக்கலாம் என்று வரையறுத்தனர். சோலைக்காடும் அதன் கீழே நீரோடைகளும் உள்ள மலைக்கு அது மிகுதி, வளர்ந்த நாடுகளில் இதைவிடக் கடுமையான எல்லை உண்டு என்று சூழலியலாளர் போராடினர். எண்ணைக் கருவி தருகிறது. எந்த எண்ணோடு மனிதன் வாழலாம் என்ற கோட்டை மனிதரே கிழிக்கிறார்கள். அந்தக் கோடு பணக்கார நாட்டில் ஓரிடத்திலும் ஏழை நாட்டில் வேறோரிடத்திலும் விழுமானால், அந்த வேறுபாட்டுக்கு இரசாயனத்தில் காரணம் கிடையாது. பாதரசத்துக்கு நாடு தெரியாது.

இன்னும் ஒரு கேள்வி எஞ்சுகிறது: கருவி யார் கையில் இருக்க வேண்டும்? மாசுபடுத்தியதாக ஐயுறப்படுபவரே அளந்து, அவரே அறிக்கை எழுதி, அவரே அதைப் பூட்டி வைப்பதானால், உலகத்திலே மிக நுட்பமான நிறமாலைக் கருவியும் வெறும் அலங்காரப் பொருளே. களக்கருவியின் பெருஞ்சிறப்பு அதன் வேகம் மட்டுமன்று. அளவை நடக்கும்போதே கிணற்றுக்காரி பக்கத்தில் நின்று பார்க்கலாம் என்பதும்தான். ஆய்வுகூடத்துக்குப் போன போத்தல் எங்கே போயிற்று, அதன் முடிவு யார் மேசையில் தூங்குகிறது என்று அவள் அறியாள். தன் கிணற்றடியில் ஏறி இறங்கும் முள்ளை அவள் காண்கிறாள். அதன் பொருளை அவள் மொழியில், அதன் குறைகளோடு சேர்த்து, எடுத்துச் சொல்வது அளப்பவன் கடமை. ‘படிக்காத சனம், சொன்னால் பீதியடைவார்கள்’ என்பது கற்றவர்களின் பழைய சாக்கு. உண்மையில் பீதியைப் பிறப்பிப்பது செய்தி அன்று. செய்தி மறைக்கப்படுகிறது என்ற உணர்வே பீதியைப் பிறப்பிக்கிறது. மழை வருமா வராதா என்று ஐயத்தோடே விதைக்கும் உழவனுக்கு ஐயத்தோடு வாழத் தெரியும். அவனுக்குத் தெரியாததெல்லாம், மறைத்து வைக்கப்பட்ட அறிவோடு வாழ்வதுதான்.

மலைநாட்டவருக்கு இது பிறர் கதையன்று. எங்கள் தோட்டங்களின் இலயங்களில் வாழ்பவர்கள் பெரும்பாலும் மேலேயிருந்து வரும் ஊற்றையும் ஓடையையும் நம்பியே குடிக்கிறார்கள். அந்த ஊற்று பிறக்கும் சரிவிலேயே உரமும் பூச்சிகொல்லியும் களைகொல்லியும் தெளிக்கப்படுகின்றன. அந்நீரில் நஞ்சு உண்டு என்று சான்றில்லாமல் சொல்வது திரிவு. எத்தனை இலயங்களின் நீர் ஒழுங்காகச் சோதிக்கப்படுகிறது என்று கேட்பதோ நியாயமான ஐயம். புளோரைட்டை, நைத்திரேற்றை நிறமாற்றத்தால் அளந்து காட்டும் சிறிய ஒளிமானிகள் இன்று ஒரு பள்ளிக்கூட மேசையில் வைக்கத்தக்கவை. அவை எல்லா நஞ்சையும் காட்டமாட்டா. சிறுநீரக நோயின் காரணத்தையும் கூறமாட்டா. ஆயினும் எங்கே முதலில் தேட வேண்டும் என்று கூறும். எவரும் தேடவே இல்லை என்பதையும் அவை வெளிப்படுத்தும்.

ஆகவே கேட்க வேண்டியவை இவை. ஆலையோ மின்னிலையமோ எரிபொருள் களஞ்சியமோ குப்பை மேடோ உள்ள ஊர்தோறும் பொது நீர்நிலைகளைக் களத்திலேயே அடிக்கடி சோதிக்கும் பொறுப்பு ஒரு சுதந்திரமான பொது அமைப்பிடம் இருக்க வேண்டும். அதன் அளவுகள், கருவியின் எல்லைகளோடு சேர்த்து, தமிழிலும் சிங்களத்திலும் கிணற்றடியிலேயே ஒட்டப்பட வேண்டும். ஐயம் எழுந்த அன்றே மாற்று நீர் வர வேண்டும். அந்தச் செலவை மாசின் பொறுப்பு நிறுவப்படும்வரை அரசு ஏற்று, நிறுவப்பட்டபின் உரியவரிடம் அறவிட வேண்டும். தண்டனைக்கும் இழப்பீட்டுக்கும் ஆய்வுகூடத்தின் முழுச்சான்று வரட்டும், நாம் காத்திருப்போம். குடிநீருக்கு நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

அறிவு முழுமையடைந்த பிறகே கடமை தொடங்கும் என்றால், மனிதகுலம் எந்தக் கடமையையும் என்றுமே தொடங்கியிராது. காய்ச்சலின் பெயர் தெரியாதபோதும் தாய் குழந்தையின் நெற்றியில் ஈரத்துணி இடுகிறாள். வைத்தியர் வரட்டும் என்று அவள் கைகட்டி நிற்பதில்லை. வைத்தியர் வந்தபோது அவர் சொல்வதைக் கேளாமலும் இருப்பதில்லை. ஊருக்கு நீர் வழங்கும் பொறுப்பை ஏற்றவர்களிடம் நாம் எதிர்பார்ப்பது அவ்வளவே.